பாறைப் பிளவே பற்றிடமாகும்



பாலைவனம் என்றதும் எல்லையற்ற மணற்பரப்பே நம் மனக்கண் முன் தோன்றுகின்றது. எனினும், திருவிவிலியம் நமக்குக் காட்டும் பாலைவனம் பெரும்பாலும் பாறைகளின் நிலமாகும். இறைவனின் மாட்சியைக் காண விரும்பிய மோசே, ஒரு பாறையின் பிளவிலேயே நிறுத்தப்பட்டார் என விடுதலைப் பயண நூலின் 33ஆம் அதிகாரம் எடுத்துரைக்கின்றது. பிளவு என்பது பாறையின் குறைபாடு அல்லவா? அக்குறைபாடே ஒரு மனிதனுக்குப் புகலிடமாயிற்று.

இந்த உண்மையைக் கண்முன் நிறுத்தும் இடமொன்று இன்றைய உலகிலும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கே, இந்தியன் கிரீக் எனும் வறண்ட பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. அங்கே செங்குத்தாக எழும் செந்நிறப் பாறைச் சுவர்கள், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணற்குன்றுகள் இறுகி உருவானவை. வழவழப்பான அச்சுவர்களில் கை பற்ற இடமில்லை. கால் வைக்கப் படியுமில்லை. ஆயினும், அடியிலிருந்து மேல்நோக்கி நேர்கோடாக ஓடும் வெடிப்புகள் பல உள்ளன. சில வெடிப்புகளுள் முழு உடலும் நுழையும். சிலவற்றில் உள்ளங்கை நுழையும். இன்னும் சிலவற்றிலோ விரல்கள் மட்டுமே நுழையும். விரல் நுழையும் அந்தக் குறுகிய வெடிப்புகளுள், வளர்ந்த ஒரு தென்னையின் உயரத்தை மிஞ்சாதவையும் உண்டு. உயரம் சிறிதெனினும், அதில் ஏறுவது எளிதன்று.

ஏறுபவர் பெருவிரல் கீழ்நோக்கியிருக்கத் தம் விரல்களை வெடிப்புக்குள் செலுத்துகின்றார். பின்னர் முழங்கையைக் கீழே இறக்கி விரல்களைத் திருகுகின்றார். வெடிப்பு ஒடுங்கும் இடத்தில் விரல் மூட்டுகள் இறுகிப் பூட்டுப் போல் நிற்கின்றன. காலணியின் நுனியையும் அவ்வாறே வெடிப்பில் செருகித் திருகி, அதன்மீது எழுந்து நிற்கின்றார். கரங்களின் வலிமையால் மட்டும் தம்மை இழுத்துச் செல்பவர் விரைவிலேயே களைத்துப் போவார். கால்களை நம்பி நிற்பவரே நெடுநேரம் தாக்குப் பிடிப்பார். விரல்கள் வலிக்கின்றன, தோல் உரிகின்றது. ஆனால், வலியைத் தருகின்ற அந்த இறுக்கமே அவரை விழாமல் தாங்குகின்றது.

மரபுவழி ஏற்றத்தில், பாறையில் நிலையாகப் பதிக்கப்பட்ட ஆணிகளை நம்பி எவரும் ஏறுவதில்லை. முன்னே செல்பவர் தம்முடன் கொண்டுசெல்லும் உலோகக் கருவிகளை வெடிப்பில் பொருத்தி, தம் கயிற்றை அவற்றில் மாட்டிக்கொண்டே மேலேறுகின்றார். கடைசியாகப் பொருத்திய கருவிக்கு 2 மீற்றர் மேலே இருக்கையில் அவர் தவறினால், குறைந்தது 4 மீற்றர் தூரமாவது கீழே விழுவார். அக்கருவி பிடிக்க வேண்டும். தரையில் நிற்கும் துணைவரும் கயிற்றை உறுதியாகப் பிடிக்க வேண்டும். துணைவர் ஒருகணம் கவனம் சிதறினால் மேலே இருப்பவரின் உயிருக்கே ஆபத்து. பின்னர் துணைவர் மேலேறி வரும்போது, பொருத்திய கருவிகள் அனைத்தையும் கழற்றி எடுத்துக்கொள்கின்றார்.

முற்காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. ஏறுபவர்கள் இரும்பு ஆப்புகளைச் சுத்தியலால் வெடிப்புகளில் அறைந்தனர். பின்னர் அடித்துக் கழற்றினர். மீண்டும் மீண்டும் அறைந்ததால் பாறைகள் சிதைந்து, ஆறாத வடுக்களைச் சுமந்தன. 1972ஆம் ஆண்டில், ஆப்பு உற்பத்தியில் ஈடுபட்டிருந்த இவோன் ஷுயினார்ட், ரொம் ஃபுரொஸ்ட் ஆகிய இருவருமே, ஆப்புகளைக் கைவிட்டுப் பாறையைக் காயப்படுத்தாத கருவிகளுக்கு மாறுமாறு ஏனையோரை அழைத்தனர். தமக்கு வருவாய் தந்த பொருளையே வேண்டாமென்று கூறியது சிறிய துறவன்று.

அப்பாலைவனத்தில் மற்றுமொரு ஒழுங்கும் உண்டு. மழை பெய்தபின் அங்கே ஏறுதல் தகாது. நீரை உறிஞ்சிய மணற்கல் தன் வலிமையை இழக்கின்றது. வெளியே காய்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். ஒரு நாளோ, இரண்டு மூன்று நாட்களோ காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஏறுபவர் பாறையையும் உடைப்பார், தாமும் விழுவார்.

அன்புக்குரியவர்களே, நம் குடும்பங்களிலும் வெடிப்புகள் உள்ளன. பேச்சு நின்றுபோன சகோதரர்கள், காணிப் பிரச்சினையால் பிரிந்த உறவுகள், பிள்ளையின் திருமணத்தால் மனமுடைந்த பெற்றோர் எனப் பலரை நாம் அறிவோம். இவற்றை ஊராருக்குத் தெரியாமல் பூசி மறைப்பதிலேயே நாம் பெரிதும் முயல்கின்றோம். அல்லது, கடுஞ்சொற்களை ஆப்புகளாக அறைந்து வெடிப்பை மேலும் அகலமாக்குகின்றோம். மனம் ஈரமாக இருக்கும் வேளையில் தீர்ப்புக் கேட்கின்றோம். அது உலரும்வரை காத்திருக்க நமக்குப் பொறுமையில்லை.

உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைக்கவில்லை. ஐயுற்ற தோமாவிடம், விரலை அக்காயங்களில் இட்டுப் பார்க்குமாறு அழைத்தார். அந்தக் காயங்களின் முன்னிலையிலேதான் தோமாவின் விசுவாசம் பற்றிக்கொள்ள இடம் கண்டது. காயமே இல்லாத வழவழப்பான ஆண்டவரை அவர் எங்ஙனம் பற்றியிருப்பார்?

மலையேற்றத்தை உளமார நேசித்த பியர் ஜோர்ஜியோ பிரசாத்தி எனும் இத்தாலிய இளைஞர், 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி திருத்தந்தை 14ஆம் லியோவினால் புனிதராக உயர்த்தப்பட்டார். நண்பர்களோடு மலைகளில் ஏறிய அவரே, டூரின் நகரின் ஏழைகளின் குடிசைகளுக்கும் சென்றார். 1925ஆம் ஆண்டில், தமது 24ஆவது வயதில், இளம்பிள்ளை வாதத்தால் மரணப்படுக்கையில் கிடந்தபோதும், ஓர் ஏழை நோயாளிக்குரிய மருந்தைப் பற்றித் தளர்ந்த கையால் குறிப்பு எழுதினார். துணைவரின் கயிற்றைக் கைவிடலாகாது என்பதை அவர் மலையில் மட்டும் கடைப்பிடிக்கவில்லை.

ஆகவே, இவ்வாரம் உங்கள் இல்லத்தின் ஒரு வெடிப்பை மறைக்காமல் நோக்குங்கள். அங்கே சுத்தியல் வேண்டாம்; உலர வேண்டியிருந்தால் காத்திருங்கள். பின்னர், விரல் நுழையும் அளவு இடம் கிடைத்தாலும் போதும்: நலம் கேட்கும் ஒரு சொல், நோயுற்றவரைக் காணும் ஒரு வருகை, பெயர் சொல்லி மன்றாடும் ஒரு செபம். கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவராக இருக்கும் முறை உங்களுடையதாயின், கவனம் சிதறாதிருங்கள். மோசேயைப் பாறைப் பிளவில் தம் கரத்தால் மூடிக் காத்த இறைவன், உங்களையும் உங்கள் உறவுகளையும் காத்து வழிநடத்துவாராக.