பகலுணவும் தேநீரும்

கீரையும் பருப்பும் சோறுமாகப் பிள்ளைகள் பகலுணவு கொண்டுவருவதைக் கண்டு எம் ஜொகூர்த் தோட்டப் பள்ளியில் நாங்கள் மகிழ்ந்ததுண்டு. உடன்வரும் தேநீர்ப் போத்தலைக் கவனித்தோமில்லை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தைத் தேநீரின் துவர்ப்புப் பொருள் பற்றிக்கொள்கிறது. அச்சத்து உடலிற் சேர்வது குறைந்துவிடுகிறது. இக்குறை நீடித்தால் இரத்தச் சோகை உண்டாகும். பிள்ளை பாடத்தில் சோர்ந்துவிடும்.

கொய்யாவிலும் எலுமிச்சையிலும் உள்ள உயிர்ச்சத்து 'சி' இதற்கு நேர்மாறாக, இரும்புச் சத்தை உடல் ஏற்கத் துணைசெய்கிறது. மலேசியச் சுகாதார அமைச்சு வகுத்துள்ள உணவுத் தட்டிலும் பாதி காய்கனிகளுக்கே உரியது. ஆதலின், உணவுடன் தண்ணீரும் ஒரு துண்டு கொய்யாவும் கொடுத்தனுப்புமாறு பெற்றோரிடம் கூறுவோம். தேநீர் 1 மணி நேரம் கழிந்தபின் ஆகட்டும்.

சோர்ந்திருந்த மாணவனைச் சோம்பேறி என்று நானும் கடிந்ததுண்டு. இனி, கடிந்துகொள்ளுமுன் அவனது போத்தலைத் திறந்து பார்ப்போம்.