நச்சுப்பொருள் விபத்தும் அயலவரின் அறியும் உரிமையும்

தொழிற்சாலை விபத்துக்களை இயந்திரக் கோளாறு என்றோ ஊழியரின் கவனக்குறைவு என்றோ விளக்கி அமைதல் வழக்கமாகிவிட்டது. அவ்விளக்கம் விபத்தின் உடனடிக் காரணத்தைக் கூறலாம். விபத்துப் பேரழிவாக மாறியமைக்கான காரணத்தைக் கூறாது. அதனை அறிய, ஆபத்துப் பற்றிய அறிவு எவரிடம் இருந்தது என்ற வினாவை நாம் எழுப்புதல் வேண்டும்.

1984 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு, போபால் நகரின் யூனியன் காபைட் பீடைநாசினித் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 40 தொன் மெதைல் ஐசோசயனேற்று வெளியேறத் தொடங்கியது. சேமிப்புத் தாங்கியைக் குளிர்நிலையில் வைத்திருக்கவேண்டிய சாதனம் ஏலவே நிறுத்தப்பட்டிருந்தது. ஆயினும், அயற்குடிசைகளில் வாழ்ந்த ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டமைக்கு அது மட்டும் காரணமன்று. எத்திசையில் விலகவேண்டும், ஈரத்துணியால் முகத்தை மூடுதல் ஓரளவேனும் காக்கும் என்பவற்றை எவரும் அவர்களுக்கு முன்னர் உணர்த்தவில்லை. வைத்தியர்களும் எந்த நஞ்சுக்குச் சிகிச்சையளிப்பதெனத் தெளிவின்றித் திகைத்தனர்.

1985 ஓகஸ்ற்றில் அதே நிறுவனத்தின் மேற்கு வேர்ஜினியா ஆலையிலும் நச்சுக்கசிவு ஏற்பட்டது. இவ்விரு நிகழ்வுகளின் பின்னணியிலேயே அமெரிக்கா 1986இல் அவசரத் திட்டமிடல், சமூகத்தின் அறியும் உரிமை ஆகியன பற்றிய சட்டத்தை இயற்றியது. பொலிசார், தீயணைப்போர், வைத்தியசாலையினர், ஆலை நிர்வாகத்தினர், செய்தித்துறையினர், மக்கள் குழுவினர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் குழுக்கள் இதன்வழி அமைந்தன. அபாயகரமான பொருள்கள் உள்ள இடங்கள், அவை கொண்டுசெல்லப்படும் வீதிகள், மக்களை எச்சரிக்கும் முறை, வெளியேற்றும் வழி, பயிற்சி ஆகியவற்றைத் திட்டத்தில் வரையறுத்து, ஆண்டுதோறும் அதனை மீளாய்வு செய்தல் இக்குழுக்களின் கடமையாகும். இந்தியாவும் 1996இல் உள்ளூர் நெருக்கடிக் குழுக்களுக்கு விதி வகுத்தது.

எனினும், சட்டம் இயற்றப்பட்டமையாலேயே சிக்கல் தீர்ந்ததெனக் கொள்வதற்கில்லை. 2013இல் ரெக்சாஸ் மாநிலத்தின் வெஸ்ற் என்னும் சிற்றூரில் பசளைக் களஞ்சியம் ஒன்று தீப்பற்றி வெடித்தபோது 15 பேர் மாண்டனர். அவர்களுள் 12 பேர் தீயணைப்பிலும் மீட்பிலும் ஈடுபட்டோர். வெடித்த அமோனியம் நைத்திரேற்று, திட்டமிடலைக் கட்டாயமாக்கும் பொருட்பட்டியலில் இடம்பெறாதிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. தீயை எதிர்கொள்ளச் சென்றவர்களே அதன் இயல்பைப் போதியளவு அறியாதிருந்தனர்.

இலாபம் தனியுடைமையாகவும் ஆபத்துப் பொதுவுடைமையாகவும் பங்கிடப்படும் சமூக அமைப்பில், அறிவும் தனியுடைமையாகவே பேணப்படுகின்றது. எனவே, உள்ளூர்த் திட்டமிடல் வெறும் நிர்வாக ஏற்பாடன்று. அறிவைச் சமூகவுடைமையாக்கும் போராட்டத்தின் ஒரு பகுதியென்றே நாம் கருதுகின்றோம். ஆலையில் உழைப்போரும் அதன் அயலில் உறங்குவோரும் பங்குகொள்ளாத திட்டம், அலுவலக அலுமாரியில் உறங்கும் கோவையாகவே எஞ்சும்.