மீன் தொட்டிக்கு மென்னீர்

தமிழகத்தை விட்டு வடக்கே குடியேறிய நம் இல்லங்களில் முதலில் தெரிய வருவது தண்ணீரின் வேற்றுமையே. பருப்பு எளிதில் வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையான படிவு ஏறும். நீரில் கரைந்துள்ள கால்சிய, மக்னீசிய உப்புக்களே இதற்குக் காரணம். இதனைக் கடின நீர் என்பர்.

தில்லியில் எமது குடியிருப்புக்கு வருவது ஆழ்குழாய்க் கிணற்று நீர். சோதித்ததில், லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை காட்டிற்று. குடிநீரில் அது 200க்கு மேற்படாதிருத்தல் நலம் என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை ஏற்கலாம் என்றும் 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. மனிதர் பொறுப்பர், மீன்கள்?

எம் மகள் விரும்பினாள் என்று நியான் டெட்ரா மீன்கள் ஆறு வாங்கினோம். இவை அமேசான் ஆற்றுப் பகுதியின் மென்னீரில் பிறந்த இனம். நீராவி எஞ்சின் காலத்தில் கொதிகலனில் படிவு ஏறாதிருக்க நீரை மென்மையாக்கினர் என மூத்த ஊழியர் சொல்லக் கேட்டதுண்டு. அந்நினைவால் நாமும் ஒரு லிட்டர் ரெசின் வாங்கினோம்.

ரெசின் என்பது கசகசாவை ஒத்த பழுப்பு நிறச் சிறு மணிகள். 1935-ஆம் ஆண்டில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானிகள் இவ்வகைச் செயற்கை ரெசினை உருவாக்கினர். மணிகள் தம்மிடமுள்ள சோடியத்தை நீருக்குக் கொடுத்து, நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொள்ளும். நீண்ட குழாயில் ரெசினை நிரப்பி, இரு முனையிலும் பஞ்சு வைத்து, மேலிருந்து நீரை மெல்ல ஒழுக விடவேண்டும். எமது நீரில் ஏறத்தாழ 100 லிட்டருக்குப் பின் அதன் ஆற்றல் தீரும். அப்போது 200 கிராம் உப்பை இரண்டு லிட்டர் நீரில் கரைத்து, அரை மணி நேரம் மெதுவாகச் செலுத்தி, உப்புக் கரிப்பு நீங்கும்வரை கழுவினால் மீண்டும் பயன்படும்.

இத்தனையும் செம்மையாகச் செய்தோம். தொட்டியை முழுதும் காலி செய்து புதுநீர் நிரப்பினோம். மறுநாட் காலை நான்கு மீன்கள் மிதந்தன. மகளின் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

பிழை எம்முடையதே. ரெசின் உப்பை நீக்குவதில்லை, மாற்றுகிறது. 160 மில்லிகிராம் கால்சியம் அகன்றால் 184 மில்லிகிராம் சோடியம் நீரில் சேரும். சோப்பு நுரைக்கும், ஆயினும் அது அமேசான் நீர் ஆகிவிடாது. அதனினும் பெரிய பிழை, ஒரே நாளில் நீர் முழுவதையும் மாற்றியது. எல்லா உப்புக்களையும் நீக்கும் இருவகை ரெசின்களும் உண்டு. அவற்றைப் புதுப்பிக்க அமிலமும் காரமும் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அவை ஆகா.

மென்னீர் மீன்களை வளர்க்க விரும்புவோர், முதல் மழையை ஓட விட்டுப் பின்னர்த் தூய மொட்டை மாடியில் சேகரித்த மழைநீரையோ, ஆர்.ஓ. கருவியின் நீரையோ குழாய் நீருடன் கலந்து, நாளொன்றுக்குத் தொட்டியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுக. இச்சிரமம் வேண்டாதவர் கப்பி, மோலி போன்றவற்றை வாங்கலாம். அவை கடின நீரிலேயே செழிக்கும்.

எஞ்சிய இரு மீன்களும் இன்று நலமாக உள்ளன. இவ்வூர் நீர் நமக்குப் பழகவே மாதங்கள் பல ஆயின அன்றோ? அச்சிறு உயிர்களுக்கு நாம் சில நாட்களேனும் அளித்திருக்க வேண்டும்.