ரத்தான விமானம், ரத்தாகாத பில்

விமானம் கிளம்பாவிட்டால் டிக்கெட் பணம் எப்படியும் திரும்பி வந்துவிடும். ஓட்டலுக்கும் டாக்ஸிக்கும் கொடுத்த பணம்? அதையும் கேட்கலாம். ஆனால் கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள்.

கர்நாடகத்தின் ஹூப்ளியில் திருமண வரவேற்புக்கு எல்லாம் தயார். விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். மணமக்களை மட்டும் காணோம். புவனேஸ்வரத்திலிருந்து அவர்கள் வர வேண்டிய விமானம், இதோ அதோ என்று இழுத்தடிக்கப்பட்டுக் கடைசியில் ரத்தாகிவிட்டது. மேடை நாற்காலிகளில் பெண்ணின் பெற்றோர் உட்கார்ந்தார்கள். மணமக்கள் திரையில் தோன்றி வாழ்த்துகளைப் பெற்றுக்கொண்டார்கள்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடு முழுக்க இப்படிப் பல கதைகள். விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டி, இரவில் அவர்கள் தரையிறக்கும் விமானங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவால் அதற்கேற்ப விமானிகளைத் திரட்ட முடியவில்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் அது ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்களை ரத்து செய்தது. டெல்லியிலிருந்து கிளம்ப வேண்டிய அதன் உள்நாட்டு விமானங்கள் நள்ளிரவு வரை ஒன்றுகூடப் பறக்கவில்லை. விமான நிலையங்களில் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. பயணிகள் தரையில் படுத்துத் தூங்கினார்கள்.

மத்திய அரசு விழித்துக்கொண்டது. மற்ற விமானங்களின் கட்டணத்துக்கு, தூரத்தைப் பொறுத்து ரூ 7,500 முதல் ரூ 18,000 வரை உச்சவரம்பு விதித்தது. டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் டிக்கெட் பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அன்றே ரூ 610 கோடி திருப்பித் தரப்பட்டதாக அரசு அறிவித்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ரூ 10,000 மதிப்புள்ள பயணக் கூப்பன் தருவதாக நிறுவனமும் பின்னர் அறிவித்தது.

கணக்கு முடிந்ததா? இல்லை. டிக்கெட்டுக்கு ரூ 6,000 கொடுத்தவர் ஓட்டல் அறைக்கு ரூ 5,000, சாப்பாட்டுக்கு ரூ 1,000, டாக்ஸிக்கு ரூ 2,000 என்று செலவழித்திருந்தால், டிக்கெட் பணம் வந்த பிறகும் ரூ 8,000 துண்டு விழுகிறது. இந்தத் துண்டை யார் ஈடுகட்டுவது?

விடை தெரிய வேண்டுமானால் முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறுவது ஒன்று. நஷ்டஈடு இன்னொன்று. காத்திருக்கும் பயணிக்கு விமான நிறுவனம் செய்து தர வேண்டிய வசதிகள் மூன்றாவது. பயணிகள் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கவுன்ட்டரில் இருப்பவர்களும் அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைக்க அவசரப்படுவதில்லை.

இந்த மூன்றையும் வரையறுப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிகள். 2010 ஆகஸ்ட் 15 அன்று அமலுக்கு வந்து, 2016-ல் நஷ்டஈட்டுத் தொகைகள் உயர்த்தப்பட்ட அந்த விதிகளின்படி, புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே ரத்து பற்றிச் சொல்லிவிட்டால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். அதோடு சரி. உரிய அறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால் நஷ்டஈடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு ரூ 5,000, இரண்டு மணி நேரம் வரை ரூ 7,500, அதற்கு மேல் ரூ 10,000.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வரியில் ஒரு முடிச்சு. இந்தத் தொகை அல்லது டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். சென்னையிலிருந்து டெல்லிக்கு இரண்டும் சேர்த்து ரூ 4,200 கொடுத்தவருக்கு நஷ்டஈடு ரூ 4,200தான். பத்தாயிரம் அல்ல.

டிக்கெட் இருந்தும், இருக்கைகளைவிட அதிக டிக்கெட் விற்றுவிட்டதால் ஏற்ற மறுத்தால் கதை வேறு. ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் கொடுத்தால் எதுவும் இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் அந்தக் கட்டணத்தைப் போல இரு மடங்கு, அதிகபட்சம் ரூ 10,000. அதையும் தாண்டினால் நான்கு மடங்கு, அதிகபட்சம் ரூ 20,000.

ஆனால் வெறும் தாமதத்துக்கு இந்த விதிகளில் ரொக்க நஷ்டஈடு எதுவும் இல்லை. பத்து மணி நேரம் தாமதமானாலும் அப்படித்தான். ஐரோப்பாவில் நிலைமை நேர்மாறு. பாரிஸிலிருந்து டெல்லிக்கு வரும் விமானம் நிறுவனத்தின் தவறால் பல மணி நேரம் தாமதமானால், அது இந்திய விமானமாகவே இருந்தாலும் 600 யூரோ வரை கேட்க முடியும். அதே விமானம் டெல்லியிலிருந்து பாரிஸுக்குப் போகும்போது தாமதமானால் அந்தச் சட்டம் கைகொடுக்காது.

தாமதத்துக்குப் பணம் இல்லை என்பதாலேயே மூன்றாவது உரிமையான வசதிகள் முக்கியமாகின்றன. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில் இரண்டு மணி நேரத் தாமதம் என்றாலே சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். அதைவிட நீண்ட பயணங்களுக்கு இந்த வரம்பு மூன்று அல்லது நான்கு மணி நேரம். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் தர வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஓட்டல் அறையும் போக்குவரத்து வசதியும் உண்டு. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் என்றால் ஆறு மணி நேரத் தாமதத்துக்கே ஓட்டல் உண்டு.

இவை சலுகைகள் அல்ல, கடமைகள். அந்தக் கடமையை நிறுவனம் செய்யாததால் பயணி தன் கையிலிருந்து செலவழித்தார் என்றால், அந்தப் பணத்தைக் கேட்க அவருக்கு வலுவான நியாயம் இருக்கிறது. செலவுக் கோரிக்கையின் அஸ்திவாரமே இதுதான். ஓட்டலுக்குப் போனேன், பணம் கொடுங்கள் என்பது பலவீனமான கோரிக்கை. அறை தர வேண்டியது உங்கள் பொறுப்பு, கேட்டேன், தரவில்லை, அதனால் நானே எடுத்தேன், இதோ பில் என்பது பலமான கோரிக்கை.

பனி, புயல் என்றால்? நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்கிறது விதி. வானிலை, வேலைநிறுத்தம், கலவரம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் உத்தரவு எல்லாமே இந்தப் பட்டியலில் அடக்கம். ஆனால் பட்டினி போடலாம் என்று அர்த்தமல்ல. 2007 டிசம்பரில் டெல்லியின் பனிமூட்டத்தில் ஹைதராபாத் போக வேண்டிய ஒரு பயணி மணிக்கணக்கில் தவித்தார். ஹைதராபாத் நிரந்தர மக்கள் நீதிமன்றம் அவருக்கு ரூ 10,000 நஷ்டஈடு கொடுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2011-ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பனிக்கு நிறுவனம் பொறுப்பல்ல, தர வேண்டிய குறைந்தபட்ச வசதிகளையும் அது தந்திருக்கிறது என்றது கோர்ட். அதே தீர்ப்பு இன்னொன்றையும் தெளிவாக்கியது. தாமதத்துக்குக் காரணம் எதுவானாலும் சிக்கிக்கொண்ட பயணிகளுக்குச் சாப்பாடு, தண்ணீர் போன்ற அடிப்படை வசதிகளைச் செய்து தரத் தவறினால் அது சேவைக் குறைபாடு. அந்தப் பயணி தோற்ற வழக்கில் மற்ற பயணிகளுக்கு ஓர் ஆயுதம் கிடைத்தது.

செலவுகளை ஒவ்வொன்றாக எழுதிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சிறந்த உதாரணம் விமானத்தைத் தவறவிட்ட ஒரு ரயில் பயணியின் வழக்கு. 2016 ஜூனில் அஜ்மீர்-ஜம்மு எக்ஸ்பிரஸில் குடும்பத்துடன் போனார் அவர். காலையில் ஜம்மு சேர வேண்டிய ரயில் சுமார் நான்கு மணி நேரம் தாமதம். ஸ்ரீநகருக்குப் போகும் விமானம் பறந்துவிட்டது. டாக்ஸி பிடித்து மலைப்பாதையில் போனார்கள். முன்பதிவு செய்திருந்த தங்குமிடத்துக்கான பணமும் வீணானது. மாவட்ட நுகர்வோர் மன்றம் டாக்ஸிக்கு ரூ 15,000, முன்பதிவுச் செலவுக்கு ரூ 10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா ரூ 5,000 என்று தீர்ப்பளித்தது. ரயில்வே விடவில்லை. சுப்ரீம் கோர்ட் வரை போய் 2021 செப்டம்பரில் தோற்றது. தாமதம் தன் கட்டுப்பாட்டை மீறியது என்றால் அதை விளக்கி நிரூபிக்க வேண்டியது ரயில்வேதான், பயணி அல்ல என்றது கோர்ட்.

இதில் விமானப் பயணிக்கும் பாடம் உண்டு. வாயால் சொன்ன காரணம் போதாது. நிறுவனம் அதை நிரூபிக்க வேண்டும்.

ஆனால் பயணி தன் பக்கத்தை நிரூபிக்க வேண்டாமா? அந்த வேலை விமான நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. கவுன்ட்டரில் அறையும் சாப்பாடும் கேட்க வேண்டும். மறுத்தால் அந்த நேரத்திலேயே நிறுவனத்துக்கு ஒரு ஈமெயில் அனுப்பிவிட வேண்டும். தேதியும் நேரமும் அதில் தானாகவே பதிவாகிவிடும். ரத்துக்கோ தாமதத்துக்கோ காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். பயணக் காப்பீடு எடுத்தவர்களுக்கும் இந்தக் கடிதம் தேவைப்படும். போர்டிங் பாஸ், நிறுவனம் அனுப்பிய எஸ்எம்எஸ் எதையும் அழிக்கக் கூடாது. ஓட்டல் பில்லில் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். அறை நியாயமான வாடகைக்குக் கிடைக்கும்போது ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குப் போனால் முழுத் தொகையும் வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அவசரத்தில் செய்யும் தவறுகள் சில. பதற்றத்தில் மொபைலில் 'ரீஃபண்ட்' பொத்தானை அழுத்துவது முதல் தவறு. பணத்தை வாங்கிக்கொண்டால் அதே கட்டணத்தில் மாற்று விமானம் கேட்கும் வாய்ப்பு போய்விடும். ரொக்கத்துக்குப் பதில் கூப்பனுக்குத் தலையாட்டுவது இரண்டாவது. கூப்பன் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று தீர்மானிக்க வேண்டியவர் பயணி. ஏஜென்டிடம் டிக்கெட் வாங்கும்போது அவருடைய தொலைபேசி எண்ணைப் பதிவு செய்ய விடுவது மூன்றாவது. தொடர்பு எண்ணைச் சரியாகத் தராத பயணிக்கு நஷ்டஈடு கிடையாது என்று விதியே சொல்கிறது. இணைப்பு விமானத்தைத் தனி டிக்கெட்டில் வாங்குவது நான்காவது. ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் தவறிய இணைப்புக்கும் விதி பொருந்தும்.

ஊர் திரும்பியதும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். பிஎன்ஆர் எண், விமான எண், கிளம்ப வேண்டிய நேரம், கிளம்பிய நேரம், கேட்டது என்ன, மறுத்தது என்ன, செலவு எவ்வளவு என்று வரிசையாக எழுத வேண்டும். வசவுகள் வேண்டாம். பதில் வராவிட்டால் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ள நோடல் அதிகாரி, அவருக்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி. அங்கும் கதவு அடைத்தால் அரசின் ஏர்சேவா இணையதளம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டம் பயணிக்கு ஒரு பெரிய வசதி செய்திருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் பயணி தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை ரூ 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வெளிநாட்டு விமானங்களுக்கு, இந்தியா 2009-ல் ஏற்றுக்கொண்ட மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். தாமதத்தால் ஏற்பட்ட இழப்பை ஒரு வரம்புக்குள் கேட்க அது இடமளிக்கிறது. அதற்கும் கெடு இரண்டு ஆண்டுகள்தான்.

டிசம்பர் குழப்பத்துக்காக இண்டிகோவுக்கு டிஜிசிஏ 2026 ஜனவரியில் ரூ 22.2 கோடி அபராதம் விதித்தது. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட, விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்த பயணிக்குப் போகாது. அபராதம் என்பது நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கு. பயணியின் கணக்கைப் பயணிதான் தீர்த்துக்கொள்ள வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் எட்டாயிரம் ரூபாய் சின்னத் தொகை. அலைச்சலுக்கு அஞ்சிப் பெரும்பாலானோர் விட்டுவிடுவார்கள் என்பது நிறுவனங்களுக்கும் தெரியும். லட்சம் பேர் விட்டுக்கொடுத்தால் அது எண்பது கோடி ரூபாய்.