தண்ணீரைப் பிடித்து வைக்கும் கல்

ஓசூர், ராயக்கோட்டைப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் தக்காளி, குடைமிளகாய், முட்டைக்கோஸ் நாற்றுகள் வளரும் குழித்தட்டுகளைக் குனிந்து பாருங்கள். பல தட்டுகளில் தேங்காய் நார்த்தூளுக்கு நடுவே பொன்னிறமாக மினுங்கும் துகள்கள் கிடக்கும். அதுதான் வெர்மிகுலைட். ஆன்லைனில் பொட்டலமாக வாங்குகிறவர்கள் இதை ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், திருப்பத்தூர் அருகே உள்ள செவ்வாத்தூர் மண்ணிலேயே இது கிடைக்கிறது. தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் அங்கே இதை வெட்டி எடுத்திருக்கிறது.

செவ்வாத்தூரில் இருப்பது அபூர்வமான நிலம். பூமியின் ஆழத்திலிருந்து சுண்ணாம்புச் சத்துள்ள குழம்பு மேலேறி உறைந்த கார்பனடைட் பாறையும், அதை ஒட்டி மக்னீசியமும் இரும்பும் நிறைந்த கரும்பாறையும் அங்கே உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமல்பட்டியிலும் இதே குடும்பத்துப் பாறைகள் இருக்கின்றன. அந்தக் கரும்பாறையில் இருந்த மைக்கா, காலங்காலமாக நீர் பட்டு மாறியதால் வந்ததே வெர்மிகுலைட். பார்வைக்கு மைக்காவேதான், ஏடு ஏடாகப் பிரியும். ஆனால் இதன் ஏடுகளுக்கு இடையில் தண்ணீர் மூலக்கூறுகள் சிறைப்பட்டிருக்கும்.

இந்தக் கல்லைத் திடீரென்று கடும் சூட்டில், ஆலைகளில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை, காட்டினால் உள்ளிருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி ஏடுகளைத் தள்ளிப் பிரிக்கும். ஆர்மோனியத்தின் துருத்தி விரிவதைப் போலக் கல் ஒரே திசையில் நீளும். பருமன் 8 மடங்கிலிருந்து 20 மடங்கு வரை கூடும். கையில் கனத்த சில்லு, சூட்டுக்குப் பிறகு ஊதினால் பறக்கும். கடையில் நாம் வாங்குவது இப்படிப் பொரித்த வெர்மிகுலைட்டைத்தான். பொரிக்காத கல்லைத் தொட்டியில் போட்டுப் பயன் குறைவு என்பதால், வாங்கும்போது எடையைப் பாருங்கள். பெரிய மூட்டை ஒரு கையில் தூக்கும்படி இருக்க வேண்டும்.

இதன் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு பிடி அள்ளி நீரில் நனைத்து விரலிடுக்கில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சொட்டும், கையை எடுத்தாலும் ஈரம் மிச்சமிருக்கும். ஏடுகளுக்கு இடையில் நீரும் காற்றும் சேர்ந்தே தங்குகின்றன. தன் எடையைப் போலச் சில மடங்கு நீரை இது பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. இந்த ஏடுகளின் பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அம்மோனியம், பொட்டாசியம், மக்னீசியம் போன்ற சத்துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். வேர் கேட்கும்போது விட்டுக்கொடுக்கும். உரம் போட்ட மறுநாளே மழை பெய்தாலும் சத்து முழுக்கத் தொட்டியின் ஓட்டை வழியே ஓடிவிடாது. ஆனால் இது உரமில்லை. சத்தைக் காத்து வைக்கும், தானாகப் பெரிதாக எதையும் ஊட்டாது. இதை மட்டும் நிரப்பி விதைத்துவிட்டு, இலை ஏன் மஞ்சளாகிறது என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

விதை முளைக்கிற சில நாட்களில்தான் இதன் அருமை தெரியும் என்பது என் கருத்து. நாற்றுக்காரர்கள் நார்த்தூள் மூன்று பங்கு, வெர்மிகுலைட் ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு என்ற அளவை ஒட்டிக் கலப்பார்கள். 98 குழித்தட்டில் கலவையை நிரப்பி, ஒவ்வொரு குழியிலும் அரை சென்டிமீட்டர் ஆழம் விரலால் அமுக்கி, ஒரு விதை போட்டு, மேலே பொடி வெர்மிகுலைட்டால் மூடிவிட்டுப் பூவாளியால் நனைப்பார்கள். மண்ணால் மூடினால் அது காய்ந்து ஏடு கட்டும், முளை முட்டி நிற்கும். வெர்மிகுலைட் இறுகாது, முளை தலையைத் தூக்கியதும் வழிவிட்டு உதிரும். வீட்டில் கத்தரி, மிளகாய் விதைக்கிறவர்கள் வேறெதற்கும் வாங்காவிட்டாலும் இந்த மேல் மூடலுக்காக ஒரு சின்னப் பை வாங்கலாம்.

ரோஜாக் குச்சி வேர்விடவும் நல்லது. அதற்குப் பெரிய துகளாகப் பாருங்கள். மொட்டை மாடித் தொட்டிகளில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ போதும், தொட்டியின் கனமும் குறையும். கள்ளி, கற்றாழை போன்ற ஈரம் பிடிக்காத செடிகளுக்கு இது வேண்டாம், வடிகால் தரும் பெர்லைட்டோ மணலோ சரி. தோட்டத்து நிலத்தில் கொட்டுவது வீண் செலவு. அங்கே தொழுவுரம் இதே வேலையை மலிவாகச் செய்யும். ஈரமாக இருக்கும்போது பிசையக் கூடாது. ஏடுகள் நசுங்கினால் காற்று போய்விடும், பிறகு அது வெறும் சேறுதான். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரை ஊற்றுகிறவர்கள் அவ்வப்போது மழைநீரால் தொட்டியை நன்றாக அலச வேண்டும். சத்தைப் பிடிக்கிற ஏடு உப்பையும் பிடிக்கும்.

வீட்டிலும் வேலை உண்டு. சமையல் எண்ணெய் தரையில் கொட்டினாலோ வண்டி நிறுத்துமிடத்தில் எஞ்சின் ஆயில் சிந்தினாலோ மேலே தூவிச் சற்று நேரம் விட்டுப் பெருக்கி எடுக்கலாம். இரசாயனப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கும்போது சுற்றிலும் இதை நிரப்புவதும் இதற்காகத்தான்: அதிர்வைத் தாங்கும், புட்டி உடைந்தால் உறிஞ்சும், தீப்பிடிக்காது. ஹைட்ரோபுளூரிக் அமிலத்துக்கு மட்டும் ஆகாது, அது சிலிக்கேட்டையே அரித்துவிடும். ஓசூரின் வாகனத் தொழிலுக்கும் இந்தக் கல்லுக்கும் உறவுண்டு. கல்நார் இல்லாத பிரேக் லைனிங்குகளில் சேர்க்கும் பொருள்களில் வெர்மிகுலைட்டும் ஒன்று. சிமெண்டோடு கலந்து கூரைமேல் போட்டால் வெயில் கீழே இறங்குவது குறையும். ஆனால் அதன்மேல் நீர்க்காப்பும் ஓடும் அவசியம், இல்லையென்றால் ஈரத்தை உறிஞ்சும் அதே குணம் மழைக்காலத்தில் கூரைக்கு எதிரியாகிவிடும்.

தூசியை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து லிபி நகரில் வெட்டிய வெர்மிகுலைட்டில் கல்நார் இழைகள் கலந்திருந்தன. 1990-ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்ட பிறகும், தொழிலாளர்களும் அவர்கள் வீட்டாரும் நுரையீரல் நோயால் மாண்டார்கள். 2009-ல் அமெரிக்க அரசு அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. குற்றம் வெர்மிகுலைட்டுடையதல்ல, அதோடு கலந்திருந்த கல்நாருடையது. ஆனாலும் பையின் மேல் எந்த ஊர்ச் சரக்கு, கல்நார் சோதனை செய்ததா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், எழுதாததை வாங்காதீர்கள். பையை வெளியில் வைத்துத் திறந்து, கொட்டும் முன்பே நீர் தெளித்துவிடுங்கள். மூக்கையும் வாயையும் மூட ஒரு முகக்கவசம் போதும். குழந்தைகள் அப்போது பக்கத்தில் இருக்க வேண்டாம்.

ஓரிரு பருவம் ஓடிய வெர்மிகுலைட் நசுங்கிப்போயிருக்கும். அதை எரு குழியில் கலக்கலாம், மரத்தடி மண்ணில் சேர்க்கலாம். எண்ணெய் உறிஞ்சியதைச் செடிப்பக்கம் கொண்டுபோகாமல் தனியாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.