40 வருஷத்துக்கும் மேல் காத்திருந்த பாட்டு... 80 வயதில் நம்பர் ஒன் ஆன டாம் ஜோன்ஸ்!

80 வயதில் ஒருவர் புது ஆல்பம் வெளியிடுவதே பெரிய விஷயம். அது பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் முதலிடத்தையும் பிடித்தால்?

2021 ஏப்ரலில் அதைச் செய்துகாட்டினார் பாடகர் டாம் ஜோன்ஸ். ஆல்பத்தின் பெயர் 'சரவுண்டட் பை டைம்'. புதிய ஆல்பத்துடன் பிரிட்டனில் முதலிடம் பிடித்த மிக மூத்த ஆண் பாடகர் என்ற பெருமை அதற்கு முன் பாப் டிலனிடம் இருந்தது. 79 வயதில் அவர் படைத்த சாதனையை ஒரு வருடத்துக்குள் முறியடித்தார் டாம்.

இத்தனைக்கும் அதில் இருக்கும் 12 பாடல்களும் மற்றவர்கள் எழுதியவை. அவற்றில் ஃபோக், கன்ட்ரி வகைப் பாடல்களும் உண்டு. தன் பழைய ஹிட்களில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை!

சுரங்கத் தொழிலாளியின் மகன்

வேல்ஸ் நாட்டின் பான்ட்டிப்ரித் பகுதியில் 1940-ல் பிறந்தவர் டாம். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 12 வயதில் காசநோய் தாக்க, சுமார் இரண்டு வருடங்கள் வீட்டுப் படுக்கையில்தான் கழிந்தன. 16 வயதில் காதலி லிண்டாவைக் கைப்பிடித்தார்.

1965-ல் 'இட்ஸ் நாட் அன்யூஷுவல்' அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அடுத்த வருடம் வந்த 'கிரீன், கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்' அசல் கன்ட்ரி பாட்டு. அதனால் இந்தப் பாணி அவருக்குப் புதிதல்ல. லாஸ் வேகாஸ் மேடைகளின் பளபளப்பில் அந்தப் பக்கம் கொஞ்சம் மறைந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

லிண்டா வாங்கிய வாக்கு

2016-ல் புற்றுநோய் லிண்டாவைப் பறித்துக்கொண்டது. 59 வருட மண வாழ்க்கை! இனி தன்னால் பாடவே முடியாது என்று டாம் உடைந்துபோனபோது, பாடுவதை நிறுத்தக் கூடாது என்று கடைசி நாள்களில் லிண்டாதான் வற்புறுத்தியிருக்கிறார்.

ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேட்டால் அது புரியும். நீ விழுந்தாலும் உன்னோடு சேர்ந்து நான் நொறுங்க மாட்டேன் என்பதுதான் அதன் தலைப்புக்கு அர்த்தம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் பாடிய பெர்னிஸ் ஜான்சன் ரீகன் எழுதியது. போராட்டக் களத்தில் தோழமையைச் சொல்லும் அந்தப் பாட்டு, டாம் குரலில் மனைவிக்குக் கொடுத்த வாக்காக மாறிவிடுகிறது.

'இப்போ வேண்டாம்!'

1970-களின் தொடக்கத்தில் பாபி கோல் என்ற பியானோ கலைஞர், 'ஐயம் குரோயிங் ஓல்டு' என்ற பாட்டை டாமிடம் கொடுத்தார். முதுமையைப் பற்றிய பாட்டு. டாமுக்கு அப்போது முப்பது சொச்சம் வயது. 'இதைப் பாடும் வயது எனக்கு இன்னும் வரவில்லை' என்று பத்திரமாக எடுத்துவைத்தார். அதைப் பதிவு செய்தபோது 80-ஐ நெருங்கியிருந்தார்!

இளமையில் பாடியிருந்தால் அது நன்றாக நடித்த பாட்டாக இருந்திருக்கும். இப்போது அவர் குரல் கொஞ்சம் தணிந்திருக்கிறது; சொற்களுக்கு நடுவே மூச்சு கேட்கிறது. பாட்டுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

பழைய பாட்டு மட்டுமா?

இல்லை. பாப் டிலனின் 'ஒன் மோர் கப் ஆஃப் காபி', டோனி ஜோ வைட்டின் 'ஓல் மதர் எர்த்' இருக்கும் அதே ஆல்பத்தில், இந்தத் தலைமுறைப் பாடகர் மைக்கேல் கிவானுகாவின் 'ஐ வோன்ட் லை'யும் இருக்கிறது. டாட் ஸ்னைடர் 2019-ல் வெளியிட்ட, டி.வி மோகத்தைக் கிண்டலடிக்கும் பாட்டும் உண்டு. அதைப் பாட்டாக இழுக்காமல் பேச்சாகவே சொல்லிப்போகிறார் டாம். ஈதன் ஜான்ஸோடு சேர்ந்து ஆல்பத்தைத் தயாரித்தவர், டாம் - லிண்டாவின் மகன் மார்க்.

முழு ஆல்பம் கேட்க நேரமில்லையா? ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலில் 1965-ன் 'இட்ஸ் நாட் அன்யூஷுவல்', அடுத்து 'ஐயம் குரோயிங் ஓல்டு' என்று இரண்டு மட்டும் கேளுங்கள். பக்கத்தில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களுக்கும் ஒரு காதைக் கொடுங்கள்!