ரோட்பிளாக்கில் போலீஸ் உங்களை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கலாம்?

இரவு ஷிப்ட் முடிந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து மோட்டாரில் வீடு திரும்புகிறீர்கள். பாயான் பாருவில் போலீஸ் ரோட்பிளாக். லைசன்ஸ், ரோட் டேக்ஸ் எல்லாம் சரி. கிளம்பலாம் என்று நினைக்கும்போது, ஓரமாக நிறுத்தி பேக்கைத் திறக்கச் சொல்கிறார்கள். அடுத்து சிறுநீர்ச் சோதனைப் பேச்சு வருகிறது. எதுவரை சரி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நீங்கள் போனில் பார்க்கும் 'உங்கள் உரிமை' வீடியோக்களில் நிறைய அமெரிக்கச் சட்டம் பற்றியவை. 2012-இல் நெப்ராஸ்காவில் ஒரு டிரைவருக்கு எச்சரிக்கை சீட்டு கொடுத்து முடித்த பிறகும், மோப்ப நாய் சோதனைக்காக ஏழெட்டு நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். காரில் போதைப்பொருள் இருந்தது உண்மைதான். ஆனாலும், போக்குவரத்து வேலை முடிந்த பின், தகுந்த சந்தேகம் இல்லாமல் நேரத்தை இழுக்கக்கூடாது என்று 2015-இல் ரோட்ரிகஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

மலேசியாவில் அப்படி நிமிடக் கணக்கு கிடையாது. 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 26ஆவது பிரிவு, குற்றத் தடுப்புக்காகச் சாலையில் தடுப்பு போட அனுமதிக்கிறது. அங்கே நிற்காமல் போவதே குற்றம். ஒரு குற்றத்துக்குப் பயன்படுவதாகத் தகுந்த சந்தேகம் இருந்தால், வாரண்ட் இல்லாமலே வாகனத்தைச் சோதிக்க 24ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. பெண்ணின் உடலைச் சோதிப்பதாக இருந்தால், இன்னொரு பெண்தான், கண்ணியமாகச் செய்ய வேண்டும்.

அதனால் இங்கே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை நிமிஷம்?" இல்லை. "அடாக்கா சாயா டித்தாங்காப்?" நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா? இதை மரியாதையாக, சத்தம் போடாமல் கேளுங்கள். 'இல்லை' என்றால், கிளம்பலாமா என்று கேளுங்கள். 'ஆமாம்' என்றால் நிலைமையே வேறு. அரசியலமைப்பின் 5ஆவது விதிப்படி காரணம் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, வீட்டுக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல உரிமை தருகிறது. சில சூழ்நிலைகளில் மூத்த அதிகாரி அதைத் தள்ளிப்போட முடியும் என்பதையும் மறக்காதீர்கள்.

சிறுநீர்ச் சோதனையும் இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 31ஏ பிரிவு, கைதானவரைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் 1983ஆம் ஆண்டு போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம் வேறொரு கதவைத் திறக்கிறது. போதைக்கு அடிமையானவர் என்று தகுந்த சந்தேகம் இருந்தால், சோதனைக்காக 24 மணி நேரம் வரை காவலில் வைக்கலாம். ஆக, ரோட்பிளாக்கில் வாக்குவாதம் செய்து ஜெயிக்கிற விஷயம் இல்லை இது. சோதனையில் போதைப்பொருள் தெரிந்து குற்றம் நிரூபணமானால், 15ஆவது பிரிவின்படி 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை.

சோதனையே முறையில்லாமல் நடந்திருந்தால்? பலர் தப்பாக நினைப்பது இங்கேதான். கென்யாவில் குருமா என்பவர் சைக்கிளில் போகும்போது ரோட்பிளாக்கில் நிறுத்தப்பட்டார். சட்டம் கேட்ட பதவி இல்லாத போலீஸ்காரர்கள் சோதித்து, இரண்டு தோட்டாக்களை எடுத்ததாகச் சொன்னார்கள். ஆதாரம் வழக்குக்குச் சம்பந்தப்பட்டது என்றால், அது கிடைத்த விதம் முக்கியமில்லை என்று 1954-இல் லண்டன் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. மலேசிய நீதிமன்றங்களும் அந்த வழியைத்தான் பின்பற்றின. அமெரிக்காவில் கைகொடுக்கும் வாதம் இங்கே பெரும்பாலும் எடுபடாது.

நண்பன் "இதை வச்சிரு" என்று கொடுத்த பையும் இதில் சேரும். போதைப்பொருள் உள்ள பை உங்கள் வசம் இருந்தால், அது உங்களுடையது, உங்களுக்குத் தெரியும் என்றே 37ஆவது பிரிவு அனுமானிக்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள்.

முறைகேடு நடந்ததாக நினைத்தால் அதிகாரியின் பெயர், எண், ரோந்துக் கார் நம்பர், இடம், நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். போலீஸ் புகார் செய்யலாம். 2023 ஜூலையிலிருந்து செயல்படும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையத்திடமும் போகலாம்.